ஜூன் 4 இசை வரலாற்றில் இன்று: எஸ்.பி.பி. பிறந்தநாள் முதல் மான்செஸ்டர் நிகழ்ச்சி வரை

நாயுடுபேட்டை: தென்னிந்தியத் திரையிசையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்த பின்னணிப் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பிறந்த நாள் ஜூன் 4. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுக்கு முதல் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது, அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் புகழ்பெற்ற இசைத்தொகுப்பு வெளியானது, பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்தோருக்காக மான்செஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஒன்றுகூடிப் பாடியது என மக்கள் இசை வரலாற்றின் பல திருப்பங்களும் இதே நாளில் நிகழ்ந்துள்ளன.

யாருக்கு வாய்ப்பு கிடைக்கிறது, யாருடைய குரல் ஏற்கப்படுகிறது என்ற கேள்வி இந்த நிகழ்வுகள் பலவற்றில் உள்ளது. தாய்மொழி தெலுங்காக இருந்தும் தமிழ், கன்னடம், இந்தி ரசிகர்கள் தங்கள் குரலாகவே ஏற்றுக்கொண்ட எஸ்.பி.பி.யின் வாழ்க்கையிலும் அந்தக் கேள்வி தொடக்கம் முதலே இருந்தது.

ஒரே பார்வையில் ஜூன் 4

1942: அமெரிக்காவில் கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் தனது முதல் அலுவலகத்தைத் திறந்தது.

1946: எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பிறந்தார்.

1962: பீட்டில்ஸ் குழுவுடனான இ.எம்.ஐ. நிறுவன ஒப்பந்தத்தில் இந்தத் தேதி இடப்பட்டது.

1964: டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் இல்லாமலேயே பீட்டில்ஸ் குழு உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது.

1967: பீட்டில்ஸ் குழுவின் புதிய பாடலை அவர்கள் முன்னிலையிலேயே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டன் மேடையில் வாசித்தார்.

1984: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' வெளியானது.

2017: மான்செஸ்டரில் 'ஒன் லவ் மான்செஸ்டர்' இசை நிகழ்ச்சி நடைபெற்றது.

2020: 'சித்சோர்' உள்ளிட்ட இந்திப் படங்களின் இயக்குநர் பாசு சாட்டர்ஜி காலமானார்.

மூன்று சாலைகள் சந்திக்கும் ஊர்

ஆந்திரப் பிரதேச மாநிலத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நாயுடுபேட்டை, நீண்ட காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, திருப்பதி வழியாக மதனப்பள்ளி செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது. சென்னை - கூடூர் ரயில் பாதையில் சூலூர்பேட்டையைக் கடந்தால் வரும் ஊரும் இதுவே.

எஸ்.பி.பி.யின் இளமைக் காலம் இந்தச் சாலைகள் சென்று சேரும் ஊர்களில்தான் கழிந்தது. வடக்கே அவரது குடும்பம் வாழ்ந்த நெல்லூர், மேற்கே அவர் படித்த ஸ்ரீகாளஹஸ்தியும் திருப்பதியும், தெற்கே அவருக்கு வாழ்வளித்த சென்னை. அவர் பிறந்தபோது இந்தப் பகுதி முழுவதும் ஒன்றுபட்ட சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1-ஆம் தேதி உருவானபோது அவருக்கு வயது 7. மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும், தெலுங்குத் திரைப்படங்களின் பெரும்பகுதி பல ஆண்டுகள் சென்னையிலேயே தயாரிக்கப்பட்டது. எனவே நெல்லூர்ப் பகுதியிலிருந்து திரையுலகை நாடியவர்கள் தெற்கு நோக்கியே ரயிலேறினர்.

ஹரிகதைக் கலைஞரின் மகன்

ஸ்ரீபதி பண்டிதாராத்யுல பாலசுப்பிரமணியம் என்பது அவரது முழுப்பெயர். தந்தை எஸ்.பி.சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர், தாய் சகுந்தலம்மா. பிற்காலத்தில் பின்னணிப் பாடகியாகப் புகழ்பெற்ற எஸ்.பி.ஷைலஜா அவரது தங்கை. புராணக் கதையை இசையோடும் வசனத்தோடும் ஒருவரே நிகழ்த்துவது ஹரிகதை. ஒரே பாடலுக்குள் சிரிப்பு, விம்மல், கேலி எனப் பல பாவங்களைக் கொண்டுவரும் எஸ்.பி.பி.யின் பாணிக்குத் தந்தையின் கலையை முன்னோடியாகக் கருத இடமுண்டு.

முறையாகக் கர்நாடக இசை பயிலாத அவர், பொறியாளராக விரும்பி அனந்தபூரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சலால் அந்தப் படிப்பு பாதியில் நின்றது. பின்னர் சென்னைக்கு வந்து ஏ.எம்.ஐ.இ. படிப்பில் சேர்ந்தார். படிப்புக்கிடையே இசைப் போட்டிகளிலும் பங்கேற்றார்.

நாயுடுபேட்டைக்கு அடுத்துள்ள கூடூரில் 1960-களின் தொடக்கத்தில் நடைபெற்ற போட்டி அவற்றுள் முக்கியமானது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த பாடகி எஸ்.ஜானகி, முதல் பரிசுக்கு உரியவர் இந்த இளைஞர்தான் என்று வலியுறுத்தியதையும், திரைப்படங்களில் பாட முயலுமாறு தம்மை ஊக்குவித்ததையும் எஸ்.பி.பி. பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். பின்னாளில் இருவரும் இணைந்து பாடிய பாடல்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனி வரலாறாயின.

சென்னையில் 1964-இல் தெலுங்குக் கலாசார அமைப்பு ஒன்று நடத்திய போட்டியில் அவர் முதல் பரிசு பெற்றார். இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணியின் கவனம் அவர் மீது விழுந்தது. அவரது இசையில் 'ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மர்யாத ராமண்ணா' என்ற தெலுங்குப் படத்துக்காக 1966 டிசம்பர் 15-ஆம் தேதி எஸ்.பி.பி.யின் முதல் பாடல் பதிவானது. பி.சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ், ரகுராமய்யா ஆகிய மூத்த கலைஞர்களுடன் சேர்ந்து பாடிய பாடல் அது. பின்னாளில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கியபோது, அதற்குத் தமது குருவான கோதண்டபாணியின் பெயரையே அவர் சூட்டினார்.

அதே காலகட்டத்தில் அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவரது சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோரும் வாசித்தனர். பத்தாண்டுகளுக்குள் தமிழ்த் திரையிசையின் போக்கையே மாற்றவிருந்த இளையராஜா, அன்று ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்த குழுவின் கிதார், ஆர்மோனியக் கலைஞர்.

உச்சரிப்பு என்னும் தேர்வு

தமிழில் வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் அந்த இளைஞரின் குரலைப் பாராட்டினார். ஆனால் தமிழ் உச்சரிப்பைச் செம்மைப்படுத்திக்கொண்டு வருமாறு அறிவுறுத்தி அனுப்பினார். ழகர, றகர ஒலிகள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சவாலானவை. எழுத்தை மட்டும் பார்த்துப் பாடினால் வேற்றுமொழி வாடை வெளிப்பட்டுவிடும். எஸ்.பி.பி. தமிழைப் படித்தும் பேசியும் பழகினார். 1969-இல் வெளியான 'சாந்தி நிலையம்' படத்தில் விஸ்வநாதன் இசையில் பாடினார்.

அதே ஆண்டு மே 1-ஆம் தேதி வெளியான எம்.ஜி.ஆரின் 'அடிமைப்பெண்' அவரைத் தமிழகம் முழுவதும் அறிமுகப்படுத்தியது. கே.வி.மகாதேவன் இசையமைத்த அந்தப் படத்தின் காதல் பாடலுக்கு ஒத்திகை முடிந்த நிலையில் எஸ்.பி.பி. நோயுற்றுப் படுத்த படுக்கையானார். பதிவு தள்ளிப்போனது. வேறு பாடகரைக் கொண்டு பாடலை முடித்திருப்பார்கள் என்றே அவர் எண்ணினார். ஆனால் எம்.ஜி.ஆர். படப்பிடிப்பைத் தள்ளிவைத்து அவருக்காகக் காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், வாய்ப்பு கைநழுவியிருந்தால் மனமுடைந்திருப்பாய் என்று எம்.ஜி.ஆர். பின்னர் விளக்கியதாக எஸ்.பி.பி. பேட்டிகளில் குறிப்பிட்டுள்ளார். அப்போது அவருக்கு 23 வயது நிறைந்திருக்கவில்லை.

உச்சரிப்புத் தேர்வு இந்தியிலும் தொடர்ந்தது. இயக்குநர் கே.பாலசந்தரின் 'ஏக் துஜே கே லியே' (1981) படத்துக்கு இசையமைத்த லட்சுமிகாந்த் - பியாரேலால் இணை, தென்னிந்தியப் பாடகரின் இந்தி எடுபடுமா என்று தயங்கியது. கதையின் நாயகனே இந்தி அறியாத தமிழ் இளைஞன் என்பதால் அந்தக் குரல்தான் பொருந்தும் என்று பாலசந்தர் உறுதியாக இருந்தார். அந்தப் படத்தின் பாடலுக்கு எஸ்.பி.பி. தேசிய விருது பெற்றார். பின்னர் 'மைனே பியார் கியா' (1989), 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' (1994) படங்களில் சல்மான் கானின் பாடல் குரலாக வட இந்தியா முழுவதும் அறியப்பட்டார்.

ஆறு தேசிய விருதுகள், நான்கு மொழிகள்

சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதை எஸ்.பி.பி. ஆறு முறை பெற்றார். 'சங்கராபரணம்', 'சாகர சங்கமம்', 'ருத்ரவீணா' ஆகிய மூன்றும் தெலுங்குப் படங்கள். 'ஏக் துஜே கே லியே' இந்தி. 'சங்கீத சாகர கானயோகி பஞ்சாட்சர கவாயி' கன்னடம். 'மின்சார கனவு' தமிழ். கர்நாடக இசை மேதையின் கதையான 'சங்கராபரணம்' படத்துக்கு, அந்த இசையை முறையாகப் பயிலாத ஒருவர் பாடி விருது பெற்றது அப்போது வியப்புடன் பேசப்பட்டது. அந்தப் படத்துக்கு இசையமைத்தவரும் 'அடிமைப்பெண்' தந்த கே.வி.மகாதேவனே.

அவரது உழைப்புக்கு அடிக்கடி சுட்டப்படும் சான்று 1981 பிப்ரவரி 8. அன்று பெங்களூருவில் இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காகக் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை 21 கன்னடப் பாடல்களை அவர் பாடிப் பதிவு செய்ததாகக் கூறப்படுகிறது. அவர் பாடிய மொத்தப் பாடல்களின் எண்ணிக்கை 40,000-க்கும் மேல் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

பின்னணிக் குரல் கலைஞராகவும் அவர் தடம் பதித்தார். தமிழிலிருந்து தெலுங்குக்குச் சென்ற கமல்ஹாசன் படங்கள் பலவற்றில் ஒலித்தது அவரது குரலே. திருப்பதி வேங்கடவன் மீது கீர்த்தனைகள் இயற்றிய அன்னமாச்சார்யரின் வாழ்க்கையைச் சொல்லும் 'அன்னமய்யா' (1997) படத்தில், வேங்கடேஸ்வரராக நடித்த சுமனுக்குக் குரல் கொடுத்து ஆந்திர அரசின் நந்தி விருதைப் பெற்றார்.

உலக மேடைகளில் ஜூன் 4

எஸ்.பி.பி. பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1942-இல், பாடலாசிரியர் ஜானி மெர்சர், தயாரிப்பாளர் பட்டி டிசில்வா, இசைத்தட்டுக் கடை உரிமையாளர் கிளென் வாலிக்ஸ் ஆகிய மூவர் தொடங்கிய கேபிட்டல் ரெக்கார்ட்ஸ், ஹாலிவுட் பகுதியில் முதல் அலுவலகத்தைத் திறந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அன்றைய இசைத்தட்டுகளுக்கு மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே அமெரிக்காவுக்குச் சென்றது. போரால் வரத்து பாதிக்கப்பட, இசைத்தட்டுகளுக்கு அரக்கைப் பயன்படுத்த அமெரிக்க அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த இரு மாதங்களில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தமும் தொடங்கியது. இந்த நெருக்கடிகளைத் தாண்டிய நிறுவனம், பின்னாளில் நாட் கிங் கோல், ஃபிராங்க் சினாட்ரா ஆகியோரின் இசைத்தட்டுகளை வெளியிட்டது.

பீட்டில்ஸ் குழுவுக்கு 1962-ஆம் ஆண்டின் தொடக்கமே ஏமாற்றமாக அமைந்தது. புத்தாண்டு நாளன்று குரல் தேர்வு நடத்திய டெக்கா நிறுவனம் அவர்களை நிராகரித்தது. இ.எம்.ஐ. நிறுவனத்தின் பார்லோஃபோன் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் மார்ட்டின் வாய்ப்பளித்தார். ஜூன் 4 என்று தேதியிட்ட அந்த ஒப்பந்தப்படி, விற்பனையாகும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் குழு முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரு பென்னி மட்டுமே. இரு நாள்கள் கழித்து லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களது முதல் பதிவு நடைபெற்றது.

இரண்டே ஆண்டுகளில் அவர்கள் உலகப் புகழ் அடைந்திருந்தனர். 1964-இல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்கு முந்தைய நாள், தொண்டை அழற்சியால் ரிங்கோ ஸ்டார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இல்லாமல் செல்வதற்கு ஜார்ஜ் ஹாரிசன் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனாலும் பயணம் நிறுத்தப்படவில்லை. ஜிம்மி நிக்கோல் என்ற கலைஞர் அவசரமாக அழைக்கப்பட்டு, ஜூன் 4-ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகன் மேடையில் டிரம்ஸ் வாசித்தார். ஆஸ்திரேலியாவில் ரிங்கோ மீண்டும் இணைந்ததும், 500 பவுண்டு காசோலையும் பெயர் பொறித்த தங்கக் கைக்கடிகாரமும் பெற்று நிக்கோல் விடைபெற்றார். நோயுற்ற புதுமுகப் பாடகருக்காக எம்.ஜி.ஆர். படப்பிடிப்பைத் தள்ளிவைத்தது, இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

1967-இல் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜெண்ட் பெப்பர்ஸ்' இசைத்தொகுப்பு வெளியான சில நாள்களிலேயே, லண்டன் சவில் அரங்கில் நிகழ்ச்சி நடத்திய கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அதன் தலைப்புப் பாடலையே முதல் பாடலாக வாசித்தார். பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் அரங்கில் அமர்ந்திருந்தனர். தமக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதைகளுள் ஒன்றாக மெக்கார்ட்னி அதைப் பின்னர் குறிப்பிட்டார்.

1984-இல் வெளியான 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' தொகுப்பிலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. அமெரிக்காவில் வணிக ரீதியாகத் தயாரான முதல் குறுந்தகடும் இதுவே. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரன் வேலையின்றித் தவிப்பதைச் சொல்லும் தலைப்புப் பாடலை, அதன் முழக்கத்தை மட்டும் கேட்டுத் தேசப் பெருமிதப் பாடலாகப் பலர் எடுத்துக்கொண்டனர்.

மான்செஸ்டர் நகரில் 2017 மே 22-ஆம் தேதி பாடகி அரியானா கிராண்டேயின் நிகழ்ச்சி முடிந்த வேளையில் நடைபெற்ற குண்டுவெடிப்பில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவர், சிறுமியரும் அடங்குவர். இரு வாரங்களுக்குள், ஜூன் 4-இல், அதே நகரின் ஓல்டு டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்தில் அரியானா மீண்டும் மேடையேறினார். சுமார் 55,000 பேர் திரண்டனர். பாதிக்கப்பட்டோருக்கான நிதி 1 கோடி பவுண்டைத் தாண்டியது.

2020: கடைசிப் பிறந்தநாள்

2020 ஜூன் 4-ஆம் தேதி மும்பையில் பாசு சாட்டர்ஜி காலமானார். அவரது 'சித்சோர்' (1976) படப் பாடலுக்காகவே கே.ஜே.யேசுதாஸ் இந்தியில் தேசிய விருது பெற்றார். தென்னிந்தியக் குரலை இந்தி ரசிகர்கள் கொண்டாடுவதற்கு எஸ்.பி.பி.க்கு முன்பே வழிவகுத்த படம் அது.

அதே நாளில் 74 வயதை நிறைவு செய்த எஸ்.பி.பி.க்கு அதுவே கடைசிப் பிறந்தநாளாக அமைந்தது. கொரோனா தொற்று உறுதியானதால் ஆகஸ்ட் 5-ஆம் தேதி சென்னையில் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏழு வாரங்களாக ரசிகர்கள் கூட்டுப் பிரார்த்தனைகள் நடத்திய நிலையில், செப்டம்பர் 25-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் அரசு மரியாதையுடன் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. 2001-இல் பத்மஸ்ரீ, 2011-இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்றிருந்த அவருக்கு, 2021-இல் பத்மவிபூஷண் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.

எல்லையின் இரு புறமும் அவரது பெயர் நிலைபெற்றுள்ளது. நெல்லூரில் உள்ள அரசு இசை, நடனப் பள்ளிக்கு 2020 நவம்பரில் ஆந்திர அரசு அவரது பெயரைச் சூட்டியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த காம்தார் நகர் பிரதான சாலை, தமிழக அரசின் 2024 செப்டம்பர் அறிவிப்பைத் தொடர்ந்து எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சாலை ஆனது. நெல்லூரில் உள்ள பூர்வீக வீட்டை, மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன் 2020 பிப்ரவரியில், வேதபாடசாலை நடத்துவதற்காகக் காஞ்சி சங்கர மடத்திடம் அவரே ஒப்படைத்திருந்தார்.